காசுக்குக் குதிக்காதவன்

அபுதாபி பக்கத்து முசஃபாவில் படகு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் நான் வெல்டராக இருந்தபோது, பெயின்ட் அடிக்க ஒரு பிலிப்பைன்ஸ்காரன் வந்தான். எங்கள் அறையிலேயே கட்டில் கொடுத்தார்கள். அவன் பஜாவ் இனம். படகில் பிறந்து படகிலேயே சாகிற கடல் மக்கள். அவன் இதை யாரிடமும் சொல்லவில்லை. அதே நாட்டுக்காரரான எங்கள் ஃபோர்மேன் அவன் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"பாய், பொருளையெல்லாம் பூட்டி வை. எங்க ஊர்ல பிச்சை எடுக்கிற கூட்டம் அது" என்று கேம்ப் முழுக்கச் சொல்லி வைத்தார்.

அவனும் யாரோடும் ஒட்டவில்லை. ஒரு லீவு நாளில் டீ கொடுத்துப் பேசிப் பார்த்தேன்.

"உங்க வீடு கடல் மேலயே இருக்குமாமே?"

முறைத்தான். "இருந்துச்சு. புயல் தூக்கிட்டுப் போச்சு. கவர்மென்ட் மேட்டுல சிமென்ட் வீடு குடுத்துச்சு. அங்க ஆடாத தரையில படுத்தா எங்கப்பாவுக்குத் தலை சுத்துது. போதுமா? போட்டோவும் எடுத்துக்கறியா?" என்று உடைந்த இந்தியில் சீறினான். டீயைத் தொடவில்லை. எனக்கும் சுர்ரென்று வந்தது. பேச்சை விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு மதியம், சாப்பாட்டு நேரம். படகுத்துறை விளிம்பில் நின்ற ஃபோர்மேன் ஒரு திர்ஹாம் காசைத் தண்ணீரில் சுண்டிவிட்டார்.

"குதிடா. கப்பல்ல போறவங்க வீசுற காசுக்கு உங்க பிள்ளைங்க குதிக்குமே, அப்படிக் குதி."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவன் பிரஷ்ஷை வைத்துவிட்டு நிதானமாக வந்து, இரண்டு கைகளாலும் அவர் நெஞ்சில் தள்ளினான். ஃபோர்மேன் ஹெல்மெட்டோடு கடலில் விழுந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரைக் குடித்துக்கொண்டு கையைக் காலை உதறினார். எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் அசையவில்லை.

"காசு கீழதான் கிடக்கு. எடுத்துட்டு வா" என்றான்.

நாங்கள்தான் கயிறு வீசி இழுத்துப் போட்டோம்.

ஆபீசில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். காசு வீசியதிலிருந்து ஆரம்பித்தேன். மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் வேண்டாம். தள்ளினானா?"

"தள்ளினான்."

"கலாஸ். முடிஞ்சுது."

விசா ரத்தானது. அவன் பை கட்டும்போது, ஊரில் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"ஊர்ல என்ன இருக்கு? மறுபடி கல்ஃபுக்குத்தான் வருவேன். வேற பாஷை பேசிக்குவேன், வேற ஊர்க்காரன்னு சொல்லிக்குவேன்."

என்னையும் சேர்த்து வெறுத்த பார்வை அது. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.