இறகு விடாத நரி

தாராசுரத்துக்கு மேற்கே அரசலாற்றங்கரையில் குழந்தைராஜ் வாத்து மேய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். இவன் வாத்தை மேய்க்கிறானா, வாத்து இவனை மேய்க்கிறதா? அறுத்த வயலில் தண்ணீர் கட்டி நிற்கும். வாத்துகள் தாளுக்கடியில் சிந்திய நெல்லையும் நத்தையையும் சளசளவென்று அலசிக்கொண்டு முன்னால் போகும். இவன் தோளில் கோலும் தலைக்கு மேல் குடையுமாக, கணுக்கால் தண்ணீரில் மேகத்தை மிதித்துக்கொண்டு பின்னால் நடப்பான். வானமே காலடியில் கிடந்தால் எவனுக்குத்தான் தரையில் நிற்கத் தோன்றும்? இவனுக்குத் தோன்றியதே இல்லை.

நல்ல மனுஷன்தான், அதில் குறை சொல்ல முடியாது. பீடி இல்லை, குடி இல்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறமாட்டான். கனவு மட்டும் ஓயாது. குஞ்சு பொரிக்கிற மெஷின் வைத்துச் சொந்தமாக ஒரு கொட்டகை; உள்ளே மஞ்சள் விளக்கு; விளக்கடியில் ஈரம் உலராத குஞ்சுகள்; வாசலில் ‘மரியபுஷ்பம் வாத்துப் பண்ணை’ என்று பலகை. மரியபுஷ்பம் அவன் மனைவி. வாத்துக் கூட்டமும் அவளுடையதுதான். கல்யாணத்தின்போது அவள் அப்பா பேராவூரணியிலிருந்து நகையோடு ஒரு லாரி வாத்தையும் சீதனமாக ஏற்றி அனுப்பினார். ஊரே சிரித்தது. அந்த வாத்துகளின் வம்சம்தான் இத்தனை வருஷமாக அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

அந்தக் கொட்டகைக்குக் குறுக்கு வழி ஒன்று போனுக்குள் இருக்கிறது என்று எவனோ இவன் காதில் ஓதிவிட்டான். கிரிக்கெட்டில் யார் ஜெயிப்பார் என்று சொன்னால் போதும், காசு கொட்டும். முதல் தடவை கொட்டவும் செய்தது. பாவி, அன்றைக்கே தோற்றிருந்தால் தப்பித்திருப்பான்.

குழந்தைராஜுக்குக் கிரிக்கெட் தெரியாது. ஆனால் வாத்து தெரியும். கூட்டத்துக்கு முன்னோடியாக ஒரு ஆண் வாத்து உண்டு. கழுத்து கறுத்து மினுமினுக்கும், அதனால் அதற்குக் கருங்கழுத்தன் என்று பேர். இவன் மனதுக்குள் கேள்வியைக் கேட்பான். கருங்கழுத்தன் வலது பக்கம் திரும்பினால் ஒரு அணி, இடது பக்கம் திரும்பினால் இன்னொரு அணி. உலகத்தில் எத்தனையோ பேர் எப்படியெப்படியோ பந்தயம் கட்டினார்கள். வாத்தைக் கேட்டுக் கட்டியவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோடை நெல் அறுத்த வயலில் கூட்டம் மேய்கிறது. இவன் கேள்வி கேட்டான். கருங்கழுத்தன் கம்பீரமாக இடது பக்கம் திரும்பியது. ஆகா, உத்தரவாகிவிட்டது என்று இவன் குனிந்து போனைத் தட்ட ஆரம்பித்தான். பந்துக்குப் பந்து மனம் அங்கேயே கிடந்தது. இடது பக்கம் திரும்பிய கருங்கழுத்தன் அதற்கப்புறம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாமா? அது வரப்பேறி, மொத்தக் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு, பக்கத்து வயல்காரி கமலாம்பாள் பம்புசெட் தண்ணீரில் விட்டிருந்த குறுவை நாற்றங்காலுக்குள் இறங்கிவிட்டது. அந்த அம்மாளின் கூச்சல் கேட்டு இவன் நிமிர்ந்தபோது, முளைவிட்ட விதையெல்லாம் வாத்து வயிற்றில் இருந்தது.

“யோவ், உனக்குக் கண்ணு முகத்துல இருக்கா, போன்ல இருக்கா?” என்று கேட்டாள் கமலாம்பாள். சீசன் முழுக்க அவள் வயலிலேயே ராத்திரி வாத்துகளை அடைத்துச் சும்மா கிடை போட்டு, வாத்தெருவால் நஷ்டத்தைக் கழிப்பது என்று பேசி முடித்தார்கள். இடது பக்க அணியும் அன்றைக்குத் தோற்றது.

அதற்குப் பிறகுதான் நரி வர ஆரம்பித்தது.

“புஷ்பம், நரி அடிச்சிட்டுப் போயிடுச்சு” என்பான் காலையில் வந்து. சில நாள் ஒன்று, சில நாள் நாலைந்து. மரியபுஷ்பம் “பாத்துக்குங்க” என்பாள், அவ்வளவுதான். கிடையைச் சுற்றி வலையை இன்னும் இழுத்துக் கட்டினாள். ஆலமரத்து மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றினாள். நரியோ முட்டை வியாபாரி மூஸாவின் டாடா ஏஸ் வண்டியில் ஏறித் தாராசுரம் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இவன் விற்ற வாத்தெல்லாம் போனுக்குள் போயின. கனவில் கொட்டகை வளர வளர, வயலில் கூட்டம் சுருங்கியது.

ஆவணி பிறந்த வாரத்தில் ஒருநாள் போனைத் திறந்தால் உள்ளே ஆட்டம் இல்லை. டெல்லியில் சட்டம் வந்துவிட்டதாம், பணம் கட்டி ஆடுகிற ஆட்டமெல்லாம் நாடு முழுக்க நிறுத்தமாம். இளவழகன் டீக்கடையில் அன்றைக்கு வேறு பேச்சே ஓடவில்லை.

“எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துச்சு, எத்தனை பிள்ளைங்க செத்துச்சு. அதான் நிறுத்திட்டாங்க” என்றார் தியாகராசன். சொசைட்டியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அரசாங்கம் என்றால் அவருக்கு இன்னும் ஒரு மரியாதை.

“அட போங்கய்யா, அக்கறையாம்! அந்த அக்கறை ஒயின்ஷாப்ல எங்க போச்சு? வரி சரியா வந்திருந்தா இவங்களே விளம்பரம் பண்ணியிருப்பாங்க” என்றான் மூஸா.

டீ ஆற்றிக்கொண்டே இளவழகன் சொன்னான்: “பணம் வெளிநாட்டுக்குப் போகுதுங்க. அங்க எவன் கையில சேருது, அவன் அதை வச்சு என்ன பண்றான்னு தெரியலன்னு பயம். வேறொண்ணுமில்ல.”

குழந்தைராஜ் பெஞ்சு ஓரத்தில் கிளாஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மட்டும் உண்மைக் காரணம் தெரியும் என்று நினைப்பு. மறுநாள் மேட்சுக்குக் கருங்கழுத்தன் அத்தனை தெளிவாக வலது பக்கம் காட்டியிருந்தது. விட்டதெல்லாம் ஒரே நாளில் திரும்புகிற சமயம் பார்த்து மூடிவிட்டார்கள். டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அரசலாற்றங்கரை வாத்து மேய்ப்பவன் மேல் என்ன பொறாமையோ! இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்கிற அளவுக்கு அறிவு மிச்சம் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நாள் கை நமநமத்தது. பிறகு மெல்லப் பழைய கண் திரும்பியது. குறுவை அறுப்பு ஆரம்பித்து, மழைத் தண்ணீர் தாளுக்கிடையில் நின்றபோது, மேகம் மறுபடி காலடிக்கு வந்தது. எந்த வாத்து நொண்டுகிறது, எது அடையில் உட்காரப் பார்க்கிறது என்பதெல்லாம் கண்ணில் பட்டது. இருப்பது இவ்வளவுதானா என்பதும் பட்டது. அன்றைக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான்.

புரட்டாசி மத்தியானம் ஒன்றில் மரியபுஷ்பம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். வாய்க்கால் மதகில் உட்கார்ந்து சாப்பிட்டான். தூறல் விட்டு வெயில் அடித்தது. வயல் முழுக்கப் புகைபோல ஈர ஆவி எழும்பி, வாத்துகள் அதற்குள் மிதப்பதுபோலத் தெரிந்தன.

“டீக்கடையில முடிவாச்சா? அரசாங்கம் எதுக்கு நிறுத்துச்சாம்?” என்று கேட்டாள்.

“ஆளுக்கொண்ணு சொல்றாங்க. வரிங்கிறாங்க, வெளிநாட்டுப் பணங்கிறாங்க, ஓட்டுக்குங்கிறாங்க…”

“எதுக்காவோ இருந்துட்டுப் போகட்டும். ஆவணிக்கப்புறம் நம்ம கிடைக்கு நரி வரலங்க. நரியையும் சேத்துத் தடை பண்ணிட்டாங்க போல.”

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

“எங்கப்பாவும் வாத்து மேய்ச்சவருதான். நரி அடிச்சா இறகு கிடக்கும், ரத்தம் கிடக்கும். நம்ம நரி ஒரு இறகுகூட விடலியே.”

அவனுக்குத் தலை தானாகக் கவிழ்ந்தது. “தெரிஞ்சும் ஏன் புஷ்பம் கேக்கல?”

“கேட்டா என்ன பண்ணுவீங்க? ஆமாம்பீங்க. அழுவீங்க. நாலு நாள் கழிச்சுத் திரும்ப அதையேதான் செய்வீங்க, அப்புறம் எம்முகத்தைப் பாக்கவும் கூசும். நரிமேலயே பழி இருக்கட்டும், நீங்க திரும்பி வர்றப்ப வீட்டுக்கு ஒரு வழியாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்.” அவள் கண் வாத்துகள் பக்கம் போனது. “ஒவ்வொண்ணா போனப்ப வயிறு எரிஞ்சுதுங்க. எங்கப்பா குடுத்ததுங்க.”

அவன் அழுதான். சோற்றுக் கையோடு, சின்னப் பிள்ளைபோல, வெட்கமில்லாமல் அழுதான். அவள் தடுக்கவில்லை.

அப்போது சட்டைப் பையில் போன் டிங் என்றது. இடது கையால் எடுத்துப் பார்த்தான். தெரியாத நம்பர், வெளிநாட்டு நம்பர். பழைய ஆட்டமே புதுப் பெயரில் வந்திருக்கிறதாம், இந்தச் சட்டமெல்லாம் அங்கே செல்லாதாம், கீழே தொட்டால் கதவு திறக்குமாம். அரசாங்கம் என்ன நினைத்து மூடியதோ, அது அரசாங்கத்துக்குத்தான் வெளிச்சம். இந்தக் கதவுக்கு மட்டும் டெல்லியிலிருந்து யாரும் வரப்போவதில்லை. கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது. பழக்கம் விடவில்லை, கண் கருங்கழுத்தனைத் தேடியது. அது இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. தண்ணீரில் தலையை முக்கி நத்தை தேடிக்கொண்டிருந்தது.

மரியபுஷ்பம் போனைப் பார்க்கவில்லை. வாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டுக் கையைக் கழுவினான். போனை அணைத்து, காலியான தூக்குச்சட்டிக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடி அவளிடம் நீட்டினான்.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போ புஷ்பம்” என்றான். “நரி வந்துருக்கு.”