ராஜாவின் பெயர் இருந்த இடம்

நான் யாரிடமும் கைகட்டி நின்று தொழில் கற்றவன் இல்லை. லேத் மிஷினைப் பிரித்துப் போட்டு நானே பழகினேன். எழுத்துகளைக்கூடப் பின்னாளில் கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டேன். இன்று உறையூரில் எனக்கு மூன்று பட்டறை. இதையெல்லாம் நான் சொல்லிக் கேட்காத கல்யாண வீடு திருச்சியில் குறைவு. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடங்களில் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்திருந்த காலம். புத்தூரில் குடியிருந்தோம். எனக்கு எழுத்துக் கூட்ட வராது. யாராவது வாசித்தால் ஒருமுறை கேட்டு அப்படியே ஒப்பித்துவிடுவேன். ஞாயிறுதோறும் ஆலயத்தில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் வேதவசனம் ஒப்பித்து வாங்கிய பரிசுகள் வீட்டில் வரிசையாக இருந்தன. ஜெபத்தில் நான் ஆண்டவருக்கு அந்தப் பரிசுகளைத்தான் எடுத்துச் சொல்வேன்.

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் கலாசி, சாமான் தூக்கும் எடுபிடி வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் ஆலயத்தில் மாதம் ஒரு குடும்பம் வேதபாடம் வாசிக்க வேண்டும். எங்கள் முறை வந்தால் சித்தப்பாதான் வாசிப்பார். அந்த வருஷம் அப்பா, "நானே வாசிக்கிறேன்" என்று போதகரிடம் சொல்லி, எங்கள் முறைக்கு உரிய பாடத்தையும் முன்கூட்டியே கேட்டு வந்துவிட்டார். ஆறு மாதம், வேலை விட்டு வந்து கை கழுவியதும், அந்தப் பாடத்தை வைத்தே எழுத்துக் கற்க, பன்னிரண்டு வயது அக்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்துகொள்வார். அவள் முக்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

"மறுபடியும் தப்பு. முதல்லேருந்து வாசிங்கப்பா."

"சரி டீச்சர்" என்பார், கொஞ்சமும் கோபமில்லாமல். சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும்போது, "எனக்கு ஒண்ணும் தெரியாது ஆண்டவரே, நீங்கதான் கத்துக்குடுக்கணும்" என்று சத்தமாகவே சொல்வார். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று எனக்கு மானம் போகும்.

அந்த ஞாயிறு வந்தது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வேதம் வாசிக்கும் மேசைக்குப் போனார். வரிக்கு அடியில் விரலை நகர்த்தி, மெதுவாக, தப்பில்லாமல் வாசித்தார். நடுவில் ஒரு ராஜாவின் பெயர் வந்தது, கூட்ஸ் வண்டி நீளத்துக்கு. முதல் இரண்டு எழுத்தில் விரல் நின்றுவிட்டது. பெண்கள் பக்கம் பார்த்தார். அக்கா பாயிலிருந்து உதட்டை அசைத்துக் காட்டினாள். அவர் மறுபடி குனிந்து கூட்ட ஆரம்பித்தார். இன்னும் ஒரு நிமிஷம் கொடுத்திருந்தால் வாசித்திருப்பார்.

நான் கொடுக்கவில்லை. ஆறு மாதம் காதில் விழுந்த பாடம். எழுந்து நின்று அந்தப் பெயரை மட்டுமல்ல, மீதிப் பாடத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்து முடித்தேன். ஆலயமே சிரித்தது. சித்தப்பா என் முதுகில் தட்டினார். அப்பா புத்தகத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா முக்காட்டுக்குள் அழுததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அடி விழும் என்று நினைத்தேன். அப்பா வேதபுத்தகத்தை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த ராஜா பேரு எங்க இருக்கு தம்பி? தொட்டுக் காட்டு."

ஏதோ ஒரு வரியில் விரலை வைத்தேன்.

"இங்கயா?"

"ஆமா."

"நல்லாப் பாரு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. அக்காகிட்ட நாம ரெண்டு பேரும் சேந்து கத்துக்கலாம்."

"எனக்குத் தெரியும்ப்பா."

கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "சரி" என்று எழுந்து போனார். அதற்கப்புறம் அவர் என்னிடம் எதையும் காட்டச் சொல்லிக் கேட்டதில்லை. ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோதும் கேட்கவில்லை. அவரும் அக்காவும் தினம் வாசித்தார்கள். நான் வெளியே போய்விடுவேன். அதன்பின் எத்தனையோ போதகர்கள் எங்கள் ஆலயத்துக்கு வந்து போனார்கள். ஒருவர் பிரசங்கத்திலாவது எனக்குத் தெரியாதது ஒன்று இருந்ததாக நான் ஒப்புக்கொண்டதில்லை.

அப்பாவுக்கு அதற்குள் எழுத்துத் தெரியும். நான் தொட்ட வரியில் அந்தப் பெயர் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்திருக்கும். 'தெரியலை' என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார். நானோ அன்று சாயங்காலம், அப்பாவுக்கே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.