முழங்காலில் போகிற நேர்த்தி

என் புருசனுடைய வலது முழங்காலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

சுனாமியன்று அந்த மனுசன் இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு ஒரு தென்னையோடு ஒட்டி நின்றார். அடித்துவந்த தோணி முழங்காலில் இடித்தது. "மாதாவே, ரெண்டு புள்ளையளையும் தந்திரு, வருசா வருசம் உன்ட கோயிலுக்கு முழங்கால்ல வாறன்" என்று தண்ணீருக்குள் நின்றே நேர்ந்திருக்கிறார். மகள் தப்பினாள். மகனைக் கடல் கொண்டுபோயிற்று.

அப்படியிருந்தும் ஒவ்வொரு திருநாளுக்கும் கோயில் வாசல் மணலிலிருந்து பீடம் வரை முழங்காலில் போனார். மூட்டுக்குள் நார் அறுந்து கிடக்கிறது என்று எங்களுக்கு என்ன தெரியும்? வீக்கம் என்று எண்ணெய் தடவினோம். வாவியில் வலை வீச எழும்பினால் கால் கழன்று தோணிக்குள் விழுவார். நாட்டில் யுத்தம் நடந்த சண்டைக் காலத்தில் எங்கள் முழங்காலை யார் பார்ப்பது? சண்டை முடிந்த பிறகுதான் ஒபரேஷன் நடந்தது. தொடையிலிருந்து நார் எடுத்து மூட்டுக்குள் வைத்துக் கட்டினார்கள்.

"புது நார் ஊறிப் பிடிக்க ஒரு வருசம் செல்லும். அதுக்குள்ள முழங்கால ஊண்டப்படாது. இதுவும் அறுந்தா வலை வீசுறத மறந்திரணும்" என்று டொக்டர் என்னிடம்தான் சொன்னார். மடக்கி நீட்டுகிற பயிற்சிக்கு நான்தான் காவல். மெல்ல மெல்ல நொண்டாமல் நடந்தார்.

வருசம் முடியுமுன்னே திருநாள் வந்துவிட்டது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்.

"எங்க போறீங்க?"

"நேத்தி கிடக்கு புள்ள."

"விசரா உங்களுக்கு? மெழுகுதிரி கொளுத்தினா காணும் எண்டு பாதரே சொல்லிற்றார்!"

"சொல்லு மாறினா மகளுக்கு ஏதும் வந்திரும்" என்றவர், போய் மணலில் முழங்காலை ஊன்றிவிட்டார். ஊர்ச்சனம் மாதா பாட்டைப் பாடிக்கொண்டே கைகூப்பி வழிவிட்டது. ஒருவராவது தடுக்கவேண்டுமே! சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் பாதி வழியில் அவருக்கு முன்னால் நின்றேன்.

"ரெண்டு புள்ளைக்கு நேந்தீங்க. மாதா தந்தது ஒண்டு. முழுத்தூரம் என்னத்துக்கு? பாதி காணும், எழும்புங்க!"

பாட்டு நின்றுவிட்டது. அத்தனை வருசத்தில் மகனைப் பற்றி அவரிடம் நான் வாய் திறந்தது அதுதான் முதல்தரம். அவருடைய முகம் கோணியது. என் கையைப் பிடித்து, இடக்காலை ஊன்றி எழும்பினார். பீடத்தைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"மாதாவே, மகன்ட பங்குக்கு நான் வரமாட்டன்."