அண்ணா வருமட்டும்

அம்மாவுக்கு மூச்சு மெஷின் வைப்பதா வேண்டாமா என்று டாக்டர் என்னிடம் கேட்டார். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்குவதென்றாலும் பக்கத்தில் நிற்பவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். வீட்டைப் பூட்டிக் கீழே இறங்கினால், காஸை மூடினேனா என்று பார்க்க மறுபடி மாடி ஏறுவேன். ஆனால் கொழும்பில் அம்மாவுக்கு இருந்தது நான் மட்டும்தான்.

அம்மாவுக்கு நெஞ்சு முழுக்கச் சளி. மருந்துக்குக் கேட்கவில்லை. டாக்டர் தமிழ்ப் பிள்ளை, மகள் வயதிருக்கும்.

"அன்ரி, மெஷின் வைச்சாக் கொஞ்ச நாள் இழுக்கும், நெஞ்சு வருத்தம் மாறாது. வைக்காட்டி, நோகாமல் போக மருந்து குடுப்பம். யோசிச்சுச் சொல்லுங்கோ."

முந்தின வருடம் மேல்மாடி ஆச்சியை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வரும்போது, ஓட்டோவுக்குள் அம்மா சொன்னார்: "என்னையும் உப்பிடி வயர் குத்திப் போட்டு வைச்சிராதை. நான் என்ன பிரிட்ஜே?" இருவரும் சிரித்தோம்.

கனடாவில், ரொறன்ரோவில் இருந்த அண்ணாவுக்குப் போன் எடுத்து இதைச் சொன்னேன்.

"அது மனுசி பகிடிக்குச் சொன்னது. நான் வாறன். வருமட்டும் வைச்சிரு தங்கச்சி. உயிரோடை ஒருக்காப் பாக்கோணும். என்ரை கையாலை பால் விடோணும்."

கடைசி நேரத்தில் பிள்ளைகள் வாயில் பால் விடுவது எங்களுக்குப் பெரிய காரியம். அப்பா போனபோது அண்ணாவுக்கு விசா கிடைக்கவில்லை. பெரியப்பாவின் மகன்தான் பால் விட்டு, கொள்ளியும் வைத்தார். அதை நினைத்ததும் என்னால் மறுக்க முடியவில்லை. அண்ணா வந்து பார்த்த பிறகு கழற்றலாம்தானே என்று அவரும் சொன்னார், நானும் அப்படித்தான் நினைத்தேன். அதை டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

மெஷின் வைத்தார்கள்.

அண்ணா கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து பையோடு நேரே வந்தார். அம்மாவின் வாயில் குழாய், அது அசையாமலிருக்கக் கன்னமெல்லாம் பிளாஸ்டர். குழாயை இழுக்கப் பார்க்கிறார் என்று அம்மாவின் இரண்டு கையையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். அண்ணா பையிலிருந்து சின்னப் போத்தலில் பாலை எடுத்தார்.

"எபா, எபா மாத்தயா!" வேண்டாம் ஐயா என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு நேர்ஸ் ஓடி வந்தாள். "வாயில ஒண்டும் குடுக்க ஏலா!"

அண்ணா விரலை நனைத்துக் கீழுதட்டில் தடவினார். பால் பிளாஸ்டர் வழியாகக் கழுத்துக்கு வழிந்தது. நேர்ஸ் பஞ்சால் துடைத்துவிட்டாள். அம்மாவின் கண் திறந்துதான் இருந்தது. அண்ணாவைப் பார்த்ததா என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் அண்ணா டாக்டரிடம், "இனிக் கழட்டலாம்தானே?" என்றார்.

"இல்லை அங்கிள். வைக்க முதல் வேண்டாமெண்டு சொல்லலாம். வைச்சதை இஞ்சை நாங்கள் கழட்டுறேல்லை."

"அப்ப எத்தினை நாளைக்கு?"

"அது சொல்லேலாது."

அண்ணா அந்த வராந்தாக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். லீவு முடிந்து திரும்பும்போது, "நீ இருக்கிறாய்தானே" என்று என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு காலை டாக்டர் மறுபடி கூப்பிட்டார். குழாய் வாயில் இனி இருக்கக்கூடாது, தொண்டையில் துளை போட வேண்டுமாம். இதயம் நின்றால் நெஞ்சை அமுக்கித் திருப்பி எடுக்கவா என்றும் கேட்டார். பெற்ற தாயைச் சாகவிட்டவள் என்று சனம் கதைக்கும், அண்ணாவே ஒருநாள் கேட்பார் என்றெல்லாம் நினைத்தேன். ஆனாலும் சொன்னேன்.

"துளை வேண்டாம். நெஞ்சை அமத்தவும் வேண்டாம்."

"அண்ணாவோடை கதைச்சிட்டீங்களோ அன்ரி?"

"இல்லை. இது அம்மா சொன்னது."

டாக்டர் தலையாட்டினார். நான் பக்கத்தில் இருக்கும்வரை அம்மாவின் கையை அவிழ்த்துவிடச் சொல்லி நேர்ஸிடம் கேட்டேன். ஒரு கையை மட்டும் அவிழ்த்தாள். அதை என் கைக்குள் வைத்தேன். அது அங்கே நிற்கவில்லை. குழாயைத் தேடி மெல்ல மெல்ல மேலே போனது. நான் பிடித்துப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன்.