என்னிடம் நின்றுபோன சமாதானம்

தொண்ணூறுகளின் தொடக்கம். கள்ளிக்குப்பத்தில் குடியிருந்துகொண்டு, அம்பத்தூரில் ஒரு பட்டறையில் இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் கோபக்காரன். தெருவுக்கே தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு முந்தைய ஷிஃப்டில் இருந்தவன் கை உள்ளே போகாமல் காக்கும் மெஷினின் தடுப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, திரும்பப் பூட்டாமலே வீட்டுக்குப் போய்விட்டான். நான் வந்து கை வைத்தேன். வலது கட்டைவிரல் நுனி நசுங்கியது. நான்கு தையல்.

அவன் எங்கள் திருச்சபைக்காரன்தான். என்னை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முதலாளிக்கு இடது கையால் புகார் எழுதினேன். தகட்டைப் பூட்டவில்லை என்பதோடு, குடித்துவிட்டு வேலை செய்தான் என்றும் சேர்த்தேன். அவன் குடிக்கவே மாட்டான். ஆனால் அந்த ஒரு வரி போதும், வேலை போய்விடும். நானும் பார்க்காமல் கை வைத்தேன் என்பதை எழுதவில்லை. திங்கட்கிழமை கொடுப்பதற்காகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஞாயிறு ஆராதனைக்குப் போனேன்.

அன்று அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து. அதற்கு முன்பு ஆயர் தொடங்கி வைக்கும் ‘சமாதானம்’ என்ற வாழ்த்து, ஒருவர் கையை ஒருவர் பற்றி, வரிசை வரிசையாகக் கடைசி ஆள் வரை வரும். தாமதமாக வந்த அவனுக்கு என் பக்கத்து இடம்தான் காலியாக இருந்தது. சமாதானம் அவனிடம் வந்தது. என் பக்கம் கைகளை நீட்டினான். நான் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

என் மறுபக்கம், அடுத்து வாங்க வேண்டியவராக ஒரு ரிக்‌ஷாக்காரர் நின்றிருந்தார்; பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா நைனா, உன்னாண்டயே நிறுத்திகினு கீற? எங்களுக்கு வேணாமா?"

பின்வரிசையில் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கடவுளின் சமாதானம் என் ஒருவனால் நின்றுபோயிருந்தது.

"வெளிய வாடா" என்றேன் அவனிடம்.

"கோயில்ல அடிச்சிக்காதீங்கப்பா!" என்று ரிக்‌ஷாக்காரர் பதறினார்.

சைக்கிள்கள் நிறுத்தும் இடத்துக்குப் போனோம். அடிக்கத்தான் தோன்றியது. அடிக்கவில்லை.

"தகட்டப் பூட்டாம போனது தப்பு. வந்து பாக்காதது அதவிடத் தப்பு" என்றேன், முகத்துக்கு நேராக.

"தெருமுனை வரிக்கும் ரெண்டு வாட்டி வந்தேண்ணா. நீ அடிப்பியோன்னு பயந்துகினு திரும்பிட்டேன்" என்று அழுதான்.

கடிதத்தை எடுத்து அவனையே படிக்கச் சொன்னேன். அந்தப் பொய் வரியில் நின்று என்னைப் பார்த்தான். என்னால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சிடுடா" என்றேன். யாரிடமும் நான் சொல்லாத வார்த்தை அது. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

உள்ளே வந்தோம். எங்கள் வரிசை இன்னும் காத்திருந்தது. அவன் என் கையைப் பற்றினான். வலித்தது. விடவில்லை. திரும்பி ரிக்‌ஷாக்காரருக்குக் கொடுத்தேன். "அப்பாடா, வந்துச்சுபா!" என்றார். ஆலயமே சிரித்தது. நான் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

திங்கட்கிழமை இருவரும் முதலாளி முன் நின்று அவரவர் தப்பை அவரவர் சொன்னோம். இருவருக்கும் திட்டு. வேலை யாருக்கும் போகவில்லை.

எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஆனால் நகமில்லாத இந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும், சொல்ல வேண்டிய உண்மையை நேரே சொல்லிவிட்டு, சமாதானத்தை என்னிடம் நிறுத்தாமல் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுகிறேன்.