இறக்கிய சுருதி

கிடார் வாசிப்பவன் அதை முதுகில் மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடலாம். கீபோர்டை பைக்கில் கொண்டுபோக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து, அதை நடுவில் நெட்டுக்குத்தாக நிறுத்தி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்பது வருடம் எனக்குப் பின்னால் அப்படி உட்கார்ந்து வந்தவர் எங்கள் குழுவின் பாடகர்.

அவருக்கு வீடு குன்றத்தூரில். ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நான் படப்பையில் வாடகை அறையில் தனியாக இருந்தேன், இப்போதும் அப்படித்தான். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், அளவு பார்க்கும் கருவிகளைச் சரிபார்க்கும் அறையில் வேலை. அந்த அறைக்கு ஒரு ஷிஃப்டுக்கு ஒரே ஆள். ஏசி ஓடும் சத்தத்தோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்.

குழுவில் நாங்கள் நான்கு பேர். பாடகர், நான், தாளத்துக்கு ரிதம் பேடு வாசிப்பவர், பெண் குரலுக்கு அந்தந்த நாளுக்குக் கிடைக்கும் ஒருவர். பேடு வாசிப்பவர்தான் குழுவை ஆரம்பித்தவர், நிகழ்ச்சி பிடிப்பவரும் அவரே. காதுகுத்து, ரிசப்ஷன், கம்பெனிகளில் ஆயுத பூஜை என்று மாதத்துக்கு மூன்று நான்கு வரும்.

கீபோர்டு வாசிக்க ஆள் கிடைப்பதில்லை என்று அவர் எப்போதும் புலம்புவார். கம்பெனி கேன்டீனில் யாராவது பாடுகிறீர்களா என்று கேட்டால் பத்து கை தூக்கும். டிரம்ஸ் என்றால் சாப்பாட்டு மேஜையையே தட்டிக் காட்டுவார்கள். கீபோர்டு என்றால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சின்ன வயதில் கிளாஸுக்குப் போனவர்கள் பத்தாம் வகுப்பில் நிறுத்தியிருப்பார்கள், கீபோர்டு பீரோ மேல் ஏறியிருக்கும். விடாமல் வாசிப்பவர்கள் என்னைப் போல சர்ச்சில் பழகியவர்கள். அவர்களை ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் மாதமும் சர்ச் எடுத்துக்கொள்ளும். நான் வாலாஜாபாத் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலில் பாடற்குழுவுக்கு வாசித்து வளர்ந்தவன். வேலைக்காக இந்தப் பக்கம் வந்ததால் எனக்கு ஞாயிறு சும்மா இருந்தது.

அந்த இடத்துக்கு ஆள் வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாட்டில் புல்லாங்குழல் வந்தால் அது நான். வயலின் வந்தால் நான். நாதஸ்வரமும் நானே. கேட்கிறவர்கள் புல்லாங்குழல் நன்றாக இருந்தது என்பார்கள். மேடையில் குழல் ஊதுபவர் யாரும் இல்லையே என்று ஒருவருக்கும் தோன்றாது. எனக்கு எப்போதும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்து மூலைதான். ஒரு முறை மாப்பிள்ளையின் அப்பா மேடையேறி எல்லோருக்கும் துண்டு போர்த்திக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்று, நீங்கள் சவுண்டு சர்வீஸா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லத் தோன்றவில்லை.

பாடகருக்கு மட்டும் நான் வேண்டும் என்று அப்போது நம்பினேன். ஆரம்ப இசை வாசிக்கும்போது அவர் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார், நான் தலையசைத்தால்தான் வாயைத் திறப்பார். அந்த ஒரு பார்வைக்காகவே போய்க்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வருடம் அவருக்கு ஒரு கடுமையான காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகு ஒரகடத்தில் ஒரு கம்பெனி ஆயுத பூஜையில் பாடினோம். இரண்டாவது சரணத்தில் குரல் உச்சிக்குப் போகும் இடத்தில் நடுங்கி நின்றது. அவர் சிரித்துக்கொண்டே மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். அவர்கள் கத்திப் பாடினார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அவருடைய கழுத்து நரம்பு தெரிந்தது.  திரும்பும் வழியில் படப்பை நெருங்கியபோது, பின்னால் இருந்து, இன்றைக்கு மானிட்டர் ஸ்பீக்கர் சரியில்லை, என் குரலே எனக்குக் கேட்கவில்லை என்றார். ஆமாம், எனக்கும் சரியாகக் கேட்கவில்லை என்றேன். மானிட்டர் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நிகழ்ச்சியில் ஒரு பட்டனை அழுத்தினேன்.

கீபோர்டில் அப்படி ஒரு வசதி உண்டு. அதை அழுத்தினால் எல்லா ஸ்வரங்களும் அரைக் கட்டை கீழே இறங்கிவிடும். விரல் போகும் இடங்கள் மாறாது. சின்னத் திரையில் மட்டும் மைனஸ் ஒன்று என்று தெரியும், அது என் பக்கம் பார்த்து இருக்கும். எங்கள் குழுவில் சுருதிக்கு வேறு வாத்தியம் கிடையாது. பேடு வாசிப்பவருக்கு எந்தச் சுருதியானாலும் ஒன்றுதான். வரும் பெண்கள் ஒவ்வொரு முறையும் புதியவர்கள். அதனால் யாருக்கும் தெரியாமல் செய்ய முடிந்தது.

அன்று அவர் உச்சி ஸ்வரத்தைத் தொட்டு, ஒரு கையை விரித்து, நின்று நிதானமாக இறங்கி வந்தார். கைதட்டல் வந்தது. வழி முழுக்க எனக்குப் பின்னால், கீபோர்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டே வந்தார். "தொண்டை திரும்பிடிச்சிடா," என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வருடம் இன்னொரு அரைக் கட்டை. அதற்கும் அடுத்த வருடம் இன்னொன்று. மொத்தம் ஒன்றரைக் கட்டை கீழே கொண்டுவந்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பகலில் ஒரு கருவி மயிரிழை தவறாகக் காட்டினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் நான். இந்த ஒன்றை மட்டும் எங்கும் எழுதவில்லை.

போன வருடம் மணிமங்கலத்தில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை மதியம். அதற்கு முந்தின நாள் எங்கள் கம்பெனிக்கு ஆடிட் வந்தது, ஞாயிறும் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், விடவில்லை. பேடு வாசிப்பவர் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். ஒருவர் சர்ச்சில் இருந்தார், ஒருவர் கத்தாருக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது, ஒருவர் கீபோர்டை விற்றே விட்டார். கடைசியில் ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் ஒருவர் கிடைத்தார். மதுரைப் பக்கத்துக்காரர். எனக்கு உடனே தோன்ற வேண்டியது தோன்றவில்லை. கருவிகளை வரிசையாக அடுக்கிவைப்பதில் இருந்தேன்.

அங்கே நடந்ததை மறுநாள் பேடு வாசிப்பவர்தான் போனில் சொன்னார். புதியவர் எந்தச் சுருதியில் வாசிக்கட்டும் என்று கேட்டிருக்கிறார். எப்போதும் ஒரிஜினல்தான் என்று பாடகர் சொல்லியிருக்கிறார். முதல் பாட்டிலேயே குரல் உடைந்தது. இரண்டாவது பாட்டிலும் அப்படியே. மண்டபத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். மூன்றாவது பாட்டுக்கு முன்னால் புதியவர் மெதுவாக, அண்ணே, கொஞ்சம் இறக்கிக்கலாமா என்று கேட்டு, இவர் பதில் சொல்வதற்குள், ஒன்றரைக் கட்டை இறக்கிட்டேன் என்று சொல்லி ஆரம்பித்துவிட்டார். அதில் பாடகர் சுகமாகப் பாடினார். வழக்கமாக எப்படிப் பாடுவாரோ அப்படியே இருந்ததாம்.

"பாட்டு நல்லாத்தான் போச்சு," என்றார் பேடு வாசிப்பவர். "முடிஞ்சதும் மைக்க வெச்சிட்டு இறங்கிப் பூட்டாரு. இன்னா ஆச்சின்னே தெரியல."

எனக்குத் தெரிந்தது. அந்தச் சுருதி அவருடைய தொண்டைக்கு நன்றாகப் பழகிய இடம். இத்தனை நாளும் தான் எங்கே நின்றிருந்தோம் என்பது அந்தப் பாட்டில் அவருக்குப் புரிந்திருக்கும்.

மூன்று நாள் கழித்து, மூன்று மணி ஷிஃப்டு முடியும் நேரத்தில், ஒரகடம் கூட்டுரோடு டீக்கடைக்கு வரச் சொல்லி அவரே போன் செய்தார். கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. எனக்கும் சேர்த்து டீ சொன்னார். 

"எத்தினி வருசமா?" என்று கேட்டார்.

"நாலு வருசம்ணா."

"எங்கைல ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயா ஒனக்கு?"

அவர் வருத்தப்படுவார் என்று பயந்தேன், மானிட்டர் சரியில்லை என்று சொன்ன அன்றைக்கே அவரால் தாங்க முடியாது என்று நினைத்துவிட்டேன், இப்படி ஏதேதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை.

"என் தொண்டைடா அது," என்றார். "அது எங்க நிக்கிதுன்னு ஒனக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. ஜனங்க கைதட்டுவாங்கல்ல, நானும் கும்புட்டுகினு நிப்பேன். அப்ப நீ இன்னா நெனச்சிகினு இருப்ப?"

"ஒண்ணும் நெனைக்கலண்ணா," என்றேன்.

அது பொய். ஒவ்வொரு கைதட்டலின்போதும், இதில் பாதி என்னுடையது என்று நினைத்துக்கொண்டுதான் மூலையில் உட்கார்ந்திருப்பேன். யாரும் தராததை நானாக எடுத்துக்கொண்டேன். அவருக்காகச் செய்தேன் என்பதும் உண்மைதான். ஆனால் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. அவர் கும்பிடுவதைப் பார்க்கும்போது அவர்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட இருந்தது. அவர் கேட்டது அதைத்தான் என்று தெரிந்தும் சொல்ல வாய் வரவில்லை.

டீயை முழுவதும் குடித்துவிட்டு, குன்றத்தூர் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. மதுரைக்காரர் இரண்டு மாதம் வாசித்தார், பிறகு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருக்குப் பின் யாரும் கிடைக்காமல், லேப்டாப்பில் இசை ஓடவிட்டுப் பாட ஆரம்பித்தார்கள். என் அறையில் நான் ஹெட்போன் போட்டுத்தான் வாசிக்க முடியும். இந்தப் பக்கத்து வாடகை அறைகளில் எந்த நேரமும் சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிஃப்டு முடித்தவர் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார். வெளியில் இருந்து கேட்டால் பிளாஸ்டிக் கட்டைகள் தட்டப்படும் சத்தம் மட்டும்தான் வரும்.

சென்ற தை மாதம் என்னோடு வேலை செய்பவர் ஒருவருக்குப் படப்பையில் கிரகப்பிரவேசம். வீட்டுக்கு எதிரில் பந்தல் போட்டு, பாட்டுக் கச்சேரி வைத்திருந்தார். போன பிறகுதான் எங்கள் குழு என்று தெரிந்தது. பேடு வாசிப்பவர் கையை உயர்த்திக் காட்டினார். நான் வழக்கமாக உட்காரும் மூலையில் ஒரு மர ஸ்டூல் மேல் லேப்டாப் இருந்தது.

ஒரு பழைய பாட்டு ஆரம்பித்தது. பாடகர் கையைக் காட்டி நிறுத்தினார். மைக்கிலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி, "ரெண்டு கட்டை கொறச்சிக்கப்பா, நமக்கு வயசாவுது," என்றார். பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். லேப்டாப்பில் குறைத்தார்கள். அவர் பாடினார். உச்சியில் குரல் கொஞ்சம் கரகரத்தது, அப்படியே விட்டுவிட்டார். நன்றாக இருந்தது. நான் நான்கு வருடம் அவருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாட்டு முடிந்ததும் தண்ணீர் குடிக்க இறங்கியவர் என்னைப் பார்த்தார். அருகில் வந்தார்.

"சாப்ட்டியா?"

"இன்னும் இல்லண்ணா."

"மொதல்ல சாப்புடு, கூட்டம் ஆயிடும்," என்று சொல்லித் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு மேடைக்குப் போனார்.  திரும்பி வா என்று சொல்வார் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டேன் என்று நானாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் அடுத்த பாட்டின் வயலின் ஆரம்பித்துவிட்டது. அவர் மூலைப் பக்கம் திரும்பாமல், கூட்டத்தைப் பார்த்தபடியே பாடத் தொடங்கினார்.

நான் பந்தியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து இலைக்காரர் சாம்பாருக்குக் காத்திருந்தபடி, அந்த வயலின் நன்றாக இருக்கிறது இல்லையா என்றார். ஆமாம் என்றேன்.