தெத்துப்பல் தெரிய ஒரு படம்

பட்டமளிப்புப் படம் எடுக்க அம்மாவும் நானும் ஸ்டூடியோவுக்கு வந்திருந்தோம். அப்பா கடலுக்குப் போயிருந்தார். அங்கியில் தொங்கிய நூலைத் தெத்துப்பல்லால் கடித்தேன். ‘டக்’கென்ற அந்தச் சத்தத்தில், வாயைப் பொத்தியே சிரித்த பத்தாம் வகுப்பு நாட்கள் திரும்பின.

அப்போது ஒருநாள் கோட்டுச்சேரிமேட்டுக் கரையில் அப்பா வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவருக்கும் இதே தெத்துப்பல்தான்.

“பசங்க சிரிக்கிறானுங்கப்பா. கிளிப் போடணும்.”

“போட்டுடலாம். மொதல்ல இந்த நைலான் நரம்பக் கடி.”

ஒரே கடியில் அறுந்தது. பக்கத்தில் வரிசைப்பல் சித்தப்பா நரம்பை அறுக்கக் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தார். “பாத்தியாடா, எம்புள்ளைக்கு கத்தி வாயிலயே இருக்கு!” என்று அப்பா பல் தெரியச் சிரித்தார். அதன்பின் நான் கிளிப் பேச்சையே எடுக்கவில்லை.

“வாயை மூடிச் சிரிங்க தம்பி” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“இல்லண்ணே, பல்லு தெரியவே எடுங்க.”

“ரெண்டா போடுங்க, ஒண்ணு அவருக்கு” என்றாள் அம்மா.

இரண்டு படத்துக்கும் சேர்த்து எண்பது ரூபாய்; எங்கள் பல்லுக்கு ஆன மொத்தச் செலவு அவ்வளவுதான்.